ரீஃப் தொட்டியில் ஒட்டிவந்த உயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் என் வீட்டு முன்னறையில் மூன்றடி நீள ரீஃப் தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்கள் வளரும் உப்புநீர்த் தொட்டி, ஒன்று ஒன்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கத்தில் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் கைப்பேசியில் படம் அனுப்பி, "இது என்ன? எடுத்துப் போட்டுவிடவா?" என்று கேட்பது வழக்கம். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன். பெரும்பாலும் நான் முதலில் சொல்வது "ஓர் இரவு பொறுங்கள்" என்பதுதான். ஏன் என்பது இரண்டாம் கேள்வியில் விளங்கும்.

நான் வாங்காத உயிர் என் தொட்டிக்குள் எப்படி வந்தது?

நீங்கள் வாங்கிய ஏதோ ஒன்றின் மேல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். மென்பவளத் துண்டு ஒட்டப்பட்ட வட்டக் கல்லின் அடிப்பக்கம், நத்தையின் ஓடு, ஒரு பிடி கடற்பாசி, பழைய தொட்டியைக் கலைத்த நண்பர் கொடுத்த லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியேறிய உயிர்ப் பாறை), ஈர மணல், மீன் வந்த பையின் தண்ணீர் என எதுவும் வழியாகலாம். நம் மாவட்டத்தில் கூடுதலாக ஒரு வழி உண்டு: கடலிலிருந்து நேராக மொண்டு வரும் தண்ணீர். அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

பல உயிர்கள் முட்டையாகவோ கண்ணுக்குத் தெரியாத இளம் பருவத்திலோ வருகின்றன. அதனால்தான் தொட்டி வைத்து ஓர் ஆண்டு கழித்துக்கூடப் புதிதாக ஒன்று கண்ணில் படும். அது முதல் நாளே வந்து, பாறை இடுக்கில் வளர்ந்து, இப்போதுதான் தலைகாட்டியிருக்கும்.

தெரியாத ஒன்றைப் பார்த்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நீருக்குள் கையை விடாதீர்கள். எடுக்கும் அவசரத்தில் பாறையைப் புரட்டினால் அது உள்ளே போய்விடும், பவளம் உடையும், கை குத்துப்படும். படம் எடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இரவுக்காகக் காத்திருங்கள்.

விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சின் முகப்பில் சிவப்புச் செலோபேன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டு தொட்டி முன் உட்காருங்கள். முதுகெலும்பற்ற கடலுயிர்களில் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரிவதில்லை. ஓடி ஒளியாமல் தம் வேலையைப் பார்க்கும். உடலுக்கு முன்பின் உண்டா, அல்லது பூவைப்போல் வட்டமா? ஓடு இருக்கிறதா? கால்கள் எத்தனை? நகர்கிறதா, ஓரிடத்தில் வேரூன்றி நிற்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, அது எதைத் தின்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தால் பெயர் தெரியாவிட்டாலும் முடிவெடுத்துவிடலாம்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தது ஒரு பச்சை நட்சத்திர மென்பவளம். காலையில் எழுந்து பார்த்தால் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்திருக்கும். காயத்தின் மேல் இளஞ்சிவப்புப் புழு ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். புழுதான் குற்றவாளி என்று மூன்று நாள் உறுதியாக நம்பினேன். நான்காம் நாள் இரவு பதினொரு மணிக்குச் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தபோது, கட்டைவிரல் நகம் அளவு நண்டு ஒன்று அதன் மேல் உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் மயிர், மயிரில் சேறு அப்பியிருந்தது, கொடுக்கின் நுனி மட்டும் மை தொட்டதுபோல் கறுப்பு. வலக்கொடுக்கால் ஒரு விழுதைப் பிடித்து, இழுத்து, வாய்க்குக் கொண்டுபோய், அடுத்ததைப் பிடித்தது. அவசரமே இல்லை. அது போன பிறகுதான் புழு வந்து, செத்துத் தொங்கிய சதையைத் துப்புரவு செய்தது. காலையில் கண்ட காட்சியை நம்பிப் புழுவைக் கொன்றிருந்தால், நண்டு அந்தப் பவளத்தை முழுவதும் தின்று தீர்த்திருக்கும்.

தொட்டியிலிருந்து "டக், டக்" என்று சத்தம் வருகிறது. கண்ணாடி விரிசல் விடுகிறதா?

கண்ணாடியை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அதில் குறை இல்லையென்றால் இரண்டில் ஒன்றுதான்: சொடுக்கு இறால் அல்லது மேன்டிஸ் இறால். காதால் மட்டும் கேட்டு இரண்டையும் பிரிப்பது கடினம்.

சொடுக்கு இறாலுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருக்கும். அதை வேகமாக மூடும்போது நீரில் ஒரு குமிழி உண்டாகி உடைவதுதான் அந்தச் சத்தம். பெரும்பாலும் மணலில் வளை தோண்டிக்கொண்டு தன் போக்கில் இருக்கும். சில வகைகள் கோபி மீனோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்தும். அதைப் பிடித்து வெளியேற்ற வேண்டியதில்லை.

மேன்டிஸ் இறால் வேறு. காம்பின் மேல் நிற்கும் இரு கண்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தனித்தனியே திரும்பும். அதை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். அடித்து உடைக்கும் வகை, குத்திப் பிடிக்கும் வகை என இரண்டு உண்டு. மயில் மேன்டிஸ் இறாலின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போவதாக அளந்திருக்கிறார்கள். தொட்டியடியில் நத்தை ஓடுகள் சில்லுச் சில்லாகக் கிடந்தாலோ, சிறிய மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனாலோ இதைச் சந்தேகியுங்கள். வெறுங்கையால் பிடிக்கவே கூடாது, விரல் கிழிந்துவிடும். அது ஒளிந்திருக்கும் கல்லை அப்படியே தூக்கி, வேறொரு வாளியின் மேல் பிடித்துக்கொண்டு, துளைக்குள் தொட்டி நீரைச் சிரிஞ்சால் பீய்ச்சினால் பெரும்பாலும் வெளியே வந்து விழும். தனித் தொட்டியில் வைத்து வளர்க்க ஏற்ற, மிகுந்த அறிவுள்ள உயிர் அது. கொல்வதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

முட்கள் நிறைந்த புழு. நல்லதா, கெட்டதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பத்தில் ஒன்பது பேர் அனுப்பும் படத்தில் இருப்பது துப்புரவு செய்யும் சாதாரண முள்புழு. இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு உடல். ஒவ்வொரு கண்டத்தின் இருபுறமும் கண்ணாடி நார்போல் வெள்ளை முள்கற்றை. மீன் விட்ட தீனி, செத்த நத்தை, பாறை இடுக்கில் அழுகுவது ஆகியவற்றைத் தின்று நீர் கெடாமல் காக்கிறது. நம் கை எட்டாத இடத்தில் வேலை செய்கிறது என்பதால் இதை நான் விரும்பி வைத்திருக்கிறேன்.

எண்ணிக்கை பெருகினால் நீங்கள் அதிகமாகத் தீனி போடுகிறீர்கள் என்று பொருள். தீனியைக் குறைத்தாலே சில வாரங்களில் தானாகக் குறையும். உடனே குறைக்க வேண்டுமென்றால், நைலான் வலைத்துணியில் ஒரு துண்டு இறாலைக் கட்டி இரவில் மணல்மேல் வையுங்கள். முட்கள் வலையில் சிக்கிக்கொள்ளும். காலையில் துணியோடு எடுத்துவிடலாம்.

அந்த முட்கள் சுண்ணாம்புப் பொருளால் ஆனவை. தொட்டதும் ஒடிந்து தோலுக்குள் நின்றுவிடும். குத்தினால் தேய்க்காதீர்கள். செலோடேப்பை ஒட்டி இழுத்து முட்களை எடுத்த பிறகு கழுவுங்கள். வீக்கம் பரவினால் மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம்.

அஞ்ச வேண்டியது யூனிசிட் குடும்பத்துப் புழு. முட்கள் துருத்தித் தெரியாது. உடல் எண்ணெய்ப் படலம்போல் பல நிறம் காட்டி மினுங்கும். தலையில் ஐந்து உணர்கொம்புகள். அந்த ஐந்தை எண்ணிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. இந்தக் குடும்பத்தில் பெரிதானது பாபிட் புழு. 2009-இல் இங்கிலாந்தின் நியூகீ நகரக் கடலுயிர்க் காட்சியகத்தில் பவளங்கள் வெட்டுப்பட்டு, மீன்கள் காயப்பட்டுக்கொண்டே இருந்தன. காரணம் புரியாமல் கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாகக் கலைத்துப் பார்த்தபோது நான்கடி நீளத்துக்கு ஒன்று வெளிப்பட்டது. சிறியதாக இருக்கும்போது பாறையோடு வந்தது அங்கேயே வளர்ந்திருக்கும். இதை வெட்டி எடுக்க முயல வேண்டாம். உள்ளே நிற்கும் பகுதி மீண்டும் வளரலாம். கல்லோடு எடுத்துத் தனிமைப்படுத்துவதே வழி.

பழுப்பு நிறத்தில் சிறிய பூப்போல ஒன்று முளைத்திருக்கிறது. அழகாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

வேண்டாம். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பழுப்பு உடல், நீண்டு மெலிந்து கூர்மையாக முடியும் இழைகள், நிழல் பட்டதும் நொடியில் துளைக்குள் சுருங்கும் பழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது அய்ப்டேசியா என்னும் கடல் சாமந்தி. இழைகள் குட்டையாக, நுனி மொட்டுப்போல் உருண்டிருந்தால் அது மஜானோ. இரண்டுமே பக்கத்துப் பவளங்களைக் கொட்டி இடம் பிடிக்கும்.

முதல் ஆண்டு நான் ஓர் அய்ப்டேசியாவைத் திருப்புளி முனையால் நசுக்கினேன். மூன்று வாரம் கழித்து அதே கல்லில் ஏழு. பாதத்தின் ஒரு துணுக்கு ஒட்டி நின்றாலும் அதிலிருந்து முழு உயிர் வளர்ந்துவிடும். நசுக்குவதும் சுரண்டுவதும் அதைப் பதியம் போடுவதற்குச் சமம்.

சரியான முறை இது. கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது நீற்றுச் சுண்ணாம்பை, சிறிது நீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்துச் சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். அலை மோட்டாரை நிறுத்துங்கள். அது விரிந்திருக்கும்போது மெதுவாக நெருங்கி, வாயின் மேல் மூடும்படி விடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மோட்டாரைப் போடலாம். ஒரு நாளைக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். நீரின் காரத்தன்மை சட்டென ஏறிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பு போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அடிப்படைப் பொருள் அதுவே என்றாலும் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். ஆய்வகத் தரத்தில் ஒரு புட்டி வாங்கினால் பல ஆண்டுகளுக்கு வரும்.

எண்ணிக்கை கைமீறிவிட்டால் அதைத் தின்னும் உயிர்களை நம்பலாம்: பெர்கியா என்னும் ஓடில்லாத சிறிய கடல் நத்தை, பெப்பர்மின்ட் இறால், நீண்ட மூக்குள்ள செம்புப்பட்டை வண்ணத்துப்பூச்சி மீன். இறால் வாங்கும்போது கவனம். முதுகு கூனி, மூக்கு முனை மேல்நோக்கித் துருத்திய ஒட்டக இறாலையும் பெப்பர்மின்ட் என்று கொடுத்துவிடுகிறார்கள். அது பவளத்தையே தின்னும்.

கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள், சுருள்கள், குட்டி நட்சத்திரங்கள். எல்லாவற்றையும் துடைத்துவிடலாமா?

தத்தித் தத்தி ஓடும் வெள்ளைப் புள்ளி என்றால் கோபெபாட். மீனுக்கு உணவு, தொட்டி நலமாக இருக்கிறது என்பதன் அடையாளம். பக்கவாட்டில் வளைந்து சரிந்து நீந்தும் சற்றுப் பெரியது ஆம்பிபாட். அதுவும் நல்லது. ஆனால் தட்டையான உடலும் பெரிய கறுப்புக் கண்களும் கொண்டு மீனின் மேல் கவ்விக்கொண்டிருப்பது ஐசோபாட். அந்த மீனைப் பிடித்துக் குறட்டால் அதை அகற்றியே ஆக வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவில் அசையாத வெள்ளைச் சுருள் ஸ்பைரோர்பிட் புழுவின் வீடு. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் வாயில் ஒரு சிறிய விசிறி தெரியும். தீங்கில்லை.

கைகள் ஒன்றுக்கொன்று அளவு ஒவ்வாமல் இருக்கும் ஒரு சென்டிமீட்டர் நட்சத்திரம் ஆஸ்டெரினா. உடலைப் பிளந்து பெருகுவதால்தான் கைகள் அப்படி ஒழுங்கில்லாமல் இருக்கின்றன. பெரும்பாலும் பாசிப் படலத்தைத்தான் தின்னும். ஜோவாந்திட் என்னும் பொத்தான் பவளத்தின் மேல் அடிக்கடி உட்கார்ந்திருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். பாறை இடுக்கிலிருந்து பாம்புபோல் நெளியும் மெல்லிய கைகளை மட்டும் நீட்டும் நட்சத்திரத்தை அப்படியே விடலாம்.

பாறையில் கடினமான குழாய். அதிலிருந்து சிலந்தி வலைபோல் நூல் மிதக்கிறது.

வெர்மெடிட், அதாவது குழாய் நத்தை. சளி நூலை வீசி, அதில் ஒட்டும் துணுக்குகளை நூலோடு விழுங்கும். அந்தச் சளி பட்ட பவளம் விரிய மறுக்கும். நூல் இல்லாமல் குழாய் வாயில் வண்ண விசிறி தெரிந்தால் அது விசிறிப் புழு, அதை விட்டுவிடுங்கள். குழாய் நத்தை என்று உறுதியானால் குழாயை அடியோடு ஒடித்து, துளையை ஜெல் வடிவச் சூப்பர் க்ளூவால் அடைக்க வேண்டும். தூள் தீனியைக் குறைப்பதும் உதவும்.

எந்த நத்தையை வைத்திருக்கலாம்?

காது வடிவத்தில் மெல்லிய ஓடும், ஓட்டுக்குள் அடங்காத உடலும் கொண்ட ஸ்டோமடெல்லா நல்ல பாசி தின்னி. பிடித்து இழுத்தால் பல்லிபோல் வால்பகுதியைக் கழற்றிவிட்டு ஓடும். முதுகில் எட்டுத் தகடு அடுக்கியதுபோல் இருக்கும் கைட்டனும் நல்லதே. முகத்தின் முன்னே யானைத் துதிக்கைபோல் ஒரு குழாயை நீட்டி அசைத்துக்கொண்டு வரும் நத்தை பெரும்பாலும் வேட்டையாடி. மற்ற நத்தைகளைத் தின்ன வந்திருக்கிறது. அதைத் தனியே எடுத்து வையுங்கள். கூம்பு வடிவ ஓடு என்றால் தொடாமல், நண்டுப் பகுதியைத் தாண்டி, மனிதருக்கு ஆபத்தானவை பற்றிய கேள்வியைப் படியுங்கள்.

நண்டு?

மயிர் அடர்ந்த உடலும் கறுப்பு நுனிக் கொடுக்கும் என்றால் வெளியேற்றுங்கள். ஒரு சிறிய கண்ணாடி டம்ளரில் இறால் துண்டைப் போட்டு, பாறையில் சாய்த்து வைத்தால் உள்ளே இறங்கி வழுக்கி, ஏற முடியாமல் காத்திருக்கும். தட்டையான உடலும் நீண்ட உணர்கொம்பும் கொண்டு, வாய்ப்புறத்திலிருந்து விசிறியை வீசி நீரை வடிகட்டும் பீங்கான் நண்டு சாது. கிளைத்த பவளத்தின் கிளைகளுக்குள்ளேயே வாழும் டிரபீசியா நண்டு தன் வீட்டுக்குக் காவல்காரன். கடலில் முள்முடி நட்சத்திர மீன் ஏறினால்கூடக் கடித்து விரட்டும். அதை எடுத்துவிட்டால் பவளத்துக்குத்தான் இழப்பு.

மனிதருக்கு ஆபத்தானவை உண்டா?

உண்டு. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

கூம்பு நத்தை: கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளில் சோழிகளோடு இதன் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். உயிரோடு இருக்கும்போது துதிக்கையின் நுனியில் நச்சு ஈட்டி வைத்திருக்கும். ஓட்டின் அகன்ற பக்கத்தைப் பிடித்தால் பாதுகாப்பு என்று சொல்வது தவறு. துதிக்கை அங்கும் வளைந்து எட்டும். புவியியல் கூம்பு நத்தை மனித உயிரைப் பறித்திருக்கிறது. நீண்ட இடுக்கியால் எடுத்து மூடியுள்ள புட்டியில் போடுங்கள்.

பொத்தான் பவளங்கள்: பாறைமேல் பழுப்புப் பொத்தான்கள் நெருக்கமாகப் பதித்ததுபோல் இருக்கும் பாலிதோவா. இதில் பாலிடாக்ஸின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். 1971-இல் ஹவாய்த் தீவுகளில் கிடைத்த ஒரு பாலிதோவாவிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள். வேண்டாத உயிர்களை ஒழிக்கிறேன் என்று பாறையைப் பானையில் போட்டுக் கொதிக்க வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வெந்நீர் ஊற்றுவதும், நீருக்கு வெளியே வைத்துப் பிரஷ்ஷால் தேய்ப்பதும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் இதைத் தொடாதீர்கள். கையாண்ட பிறகு வாயில் உலோகச் சுவை, மூச்சுத் திணறல், காய்ச்சல் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குப் போய், பாலிடாக்ஸின் என்ற பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிறிய பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) எதுவாக இருந்தாலும் கையில் எடுக்க வேண்டாம். நீல வளைய வகையின் கடி வலிக்காது. ஆனால் அதில் இருப்பது பேத்தா மீனின் நஞ்சான டெட்ரோடாக்ஸின்.

துரு நிறத்தில் தட்டையாக நூற்றுக்கணக்கில் ஊர்கின்றன.

செந்நிறத் தட்டைப்புழு. பின்முனை மூன்றாகப் பிரிந்திருக்கும். உடலுக்குள் பாசியை வளர்த்து வெளிச்சத்தில் வாழ்வது. மருந்து விட்டு ஒரேயடியாகக் கொன்றால் செத்த உடல்களிலிருந்து வெளியாகும் நஞ்சு மீன்களைத் தாக்கும். முதலில் மெல்லிய குழாயால் உறிஞ்சி உறிஞ்சி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மருந்து போடும் நாளில் நஞ்சை உறிஞ்சும் கரியும், மாற்றுவதற்கான உப்புநீரும் தயாராக இருக்கட்டும்.

குளச்சல் கடலிலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றுகிறேன். அதனால் உயிர்கள் வருமா?

கட்டாயம் வரும். ஒரு குடம் கடல்நீரில் மிதக்கும் இளம் பருவ உயிர்களைக் கண்ணால் பார்க்க முடியாது. சிப்பி, கொட்டலசு, ஹைட்ராய்டு, குழாய்ப் புழு என எல்லாமே வாழ்க்கையின் முதல் நாட்களை இப்படி மிதந்துதான் கழிக்கின்றன.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தொட்டிக் கண்ணாடியின் மேல் விளிம்பில் வெள்ளை நிறத்தில் சிறு எரிமலை வடிவங்கள் தோன்றின. உச்சித் துளையிலிருந்து இறகு ஒன்று நீண்டு மறைந்தது. அரிய விசிறிப் புழு என்று மகிழ்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஒருநாள் கடியப்பட்டணத்தில் சிப்பி எடுக்கும் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். குனிந்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"மக்களே, இது கொட்டலசு. ஆண்டு முழுவதும் என் வள்ளத்தின் அடியில் சுரண்டிக்கொண்டிருப்பது இதைத்தான்" என்றார்.

பிறகு அருகில் வைத்துக் கவனித்தேன். விசிறிப் புழு விசிறியை விரித்தால், நிழல் விழும்வரை விரித்தபடியே இருக்கும். கொட்டலசு அப்படியல்ல, கை நீட்டிப் பிடித்து இழுப்பதுபோல் ஒரே தாளத்தில் நீட்டும், மடக்கும், நீட்டும், மடக்கும். அது உண்மையில் அதன் கால். நண்டு, இறால் குலத்தைச் சேர்ந்தது. தலைகீழாக ஒட்டிக்கொண்டு காலால் உண்கிறது. அவ்வளவு நாள் பார்த்தும் இந்தத் தாளத்தை நான் கவனிக்கவில்லை. கடலில் முங்கியே வளர்ந்தவர் ஒரு நிமிடத்தில் கண்டுகொண்டார். தெரியாத ஒன்று வந்தால் இணையத்தில் தேடுவதற்கு முன் நம் கடற்கரை ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

கொட்டலசும் சிப்பிக் குஞ்சும் தொட்டிக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் வடிகட்டி உண்ணும் உயிர்களுக்குத் தெளிந்த தொட்டிநீரில் போதிய உணவு கிடைக்காது. மெலிந்து, ஒரே நேரத்தில் பல செத்தால் அம்மோனியா ஏறும். அதனால் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். வீட்டு ஆர்.ஓ. கருவியில் போடும் 5 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மூடிய டிரம்மில் இருட்டில், காற்றுக் குழாய் ஓடவிட்டு இரண்டு வாரம் வையுங்கள். அம்மோனியா சுழியம் என்று சோதித்த பிறகு, அடர்த்தி 25 டிகிரியில் 1.025 அளவில் இருக்கிறதா என்று பார்த்துப் பயன்படுத்துங்கள்.

எடுக்கும் இடமும் முக்கியம். பழையாறு கலக்கும் மணக்குடியிலும், குழித்துறைத் தாமிரபரணி கலக்கும் தேங்காய்ப்பட்டணத்திலும் முகத்துவாரத்தருகே உப்பு குறைவு. ஆடியில் கடல் கலங்கியிருக்கும்போதும், ஐப்பசி மழையில் ஆறு செந்நீராக ஓடும்போதும் எடுக்கவே வேண்டாம். துறைமுகத்துக்குள் டீசல் படலம் இருக்கும்.

முட்டத்தில் பாறையும், மணவாளக்குறிச்சியில் மணலும் எடுத்துப் போட்டால் என்ன?

முட்டத்துப் பாறை கருங்கல்லைப்போல் இறுகிய பாறை. ரீஃப் தொட்டிக்கு வேண்டியது பாக்டீரியா குடியேறும் நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. அந்த வேலையை இது செய்யாது. மணவாளக்குறிச்சிக் கருமணலில் இல்மனைட், ஜிர்கான், தோரியம் கொண்ட மோனசைட் ஆகியவை கலந்திருக்கின்றன. அதற்காகத்தான் அங்கே மணல் ஆலையே இருக்கிறது. தொட்டிக்குள் அதற்கு இடமில்லை.

பவளத்தைக் கடலிலிருந்து எடுக்கும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால் விட்டுவிடுங்கள். பாறை கட்டும் பவளங்கள், கறும்பவளம், கடல் விசிறி, கடல் அட்டை ஆகியவை 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகள் எவ்வளவு அடிபட்டிருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் நாம். பீங்கானிலும் சிமென்டிலும் செய்த உலர்ந்த பாறை கடையில் கிடைக்கிறது. ஓர் ஆண்டு பொறுத்தால் அதுவே உயிர்ப் பாறையாகிவிடும். மென்பவளத் துண்டு வாங்கினாலும், தொட்டியில் வளர்த்ததுதானா என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள்.

வரும்போதே தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். புதிய துண்டை, அது வந்த வட்டக் கல்லிலிருந்து பெயர்த்துப் புதிய கல்லில் ஒட்டுங்கள். தொல்லைகளில் பாதி பழைய கல்லோடு போய்விடும். பிறகு பவளத்துக்கான குளியல் மருந்தில், புட்டியில் குறித்த நேரம் மட்டும் வைத்து, சிரிஞ்சால் நீரைப் பீய்ச்சுங்கள். பாத்திரத்தின் அடியில் என்னென்ன விழுகிறது என்று பாருங்கள். உயிர்களை அடையாளம் காணப் பழக அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. மருந்து முட்டைகளைக் கொல்லாது. அதனால் வாரம் ஒரு முறை குளியலைத் திரும்பச் செய்து, நான்கு முதல் ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஓடில்லாத நத்தைகளின் முட்டை வெள்ளை ரிப்பன்போல் சுருண்டிருக்கும். கண்டால் நகத்தால் சுரண்டிவிடலாம்.

பிடித்ததைக் கொல்ல மனமில்லை. சொத்தவிளைக் கடலில் விட்டுவிடலாமா?

உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கூடாது. உங்கள் தொட்டியில் இருப்பது எந்த நாட்டுக் கடலிலிருந்து வந்தது என்பது உங்களுக்கே தெரியாது. கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியை வருமானத்துக்காகப் பாக் நீரிணைப் பகுதியில் வளர்க்கத் தொடங்கினார்கள். அது மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்து மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். தொட்டி நீரையும் கடலிலோ ஓடையிலோ கொட்ட வேண்டாம்.

ஐந்து லிட்டர் தொட்டி, ஒரு காற்றுக் குழாய், ஒரு கல், இவை போதும். தொல்லை தந்த நண்டும் நத்தையும் அதில் ஆண்டுக்கணக்கில் வாழும். என் மயிர் நண்டு இரண்டரை ஆண்டு இருந்தது.

அடையாளம் கேட்டுப் படம் அனுப்பும்போது என்னென்ன வேண்டும்?

நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கில் எடுங்கள். நீல ஒளியில் எல்லாமே ஒரே நிறம். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டிவையுங்கள், அளவு தெரியும். கைப்பேசியைக் கண்ணாடிக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் உருவம் குழம்பும். படத்தைவிடப் பத்து நொடிக் காணொளி மேலானது, ஏனென்றால் பல உயிர்களை அசைவால்தான் பிரித்தறிய முடியும். எந்த நேரம், எந்த இடம், கடைசியாகத் தொட்டியில் சேர்த்தது என்ன என்பதையும் எழுதுங்கள்.

தக்கலையிலிருந்து ஒரு தங்கை ஐந்து மாதம் திரும்பத் திரும்ப ஒரே படத்தை அனுப்பினார்: பாறையிலிருந்து நீளும் இரண்டு மெல்லிய கொம்புகள், வேறொன்றும் தெரியவில்லை. நத்தையா, இறாலின் உணர்கொம்பா என்று இருவரும் குழம்பினோம். பிறகு ஒரு காணொளி அனுப்பினார். மிதந்து வந்த தீனித் துணுக்கு ஒன்று கொம்பில் ஒட்டியது. கொம்பு சுருண்டு அடிப்பக்கம் போனது. அங்கே, மணல் ஒட்டிய தாள்போன்ற குழாயின் வாய் ஒரு கணம் தெரிந்தது. குழாயில் வாழும் கீட்டாப்டெரிட் புழு, தீங்கற்றது. அன்று இரவே அவருக்குப் பதில் எழுதினேன்: "தங்கச்சி, அது அங்கேயே இருக்கட்டும்."